கதவு மெதுவாகத் திறந்தது ஏன், தெரியுமா?

கறுப்புத் திரை. நடுவில் ஒரே ஒரு மரக்கதவு. கைப்பிடி திரும்புகிறது, கீல் முனகுகிறது, கதவு ஆற அமரத் திறக்கிறது. அந்தப் பக்கம் ஜாம்பி நிற்கிறதா, வெறும் அறையா? 1996-இல் பிளேஸ்டேஷனில் ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆடியவர்களுக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்த இடம் அதுதான். அந்தக் கதவை எதற்காக வைத்தார்கள் தெரியுமா? அடுத்த அறையை சிடியிலிருந்து உருவி எடுக்க அந்தப் பெட்டிக்குச் சில விநாடிகள் வேண்டியிருந்தன. அதுவரை ஆட்டக்காரரின் கண்ணுக்கு ஏதாவது காட்ட வேண்டுமே! லோடிங் நேரத்தை மறைக்கப் போட்ட திரைச்சீலை, ஒரு தலைமுறையின் கெட்ட கனவாகிவிட்டது!

சர்வைவல் ஹாரர், அதாவது பயந்து பயந்து உயிர்பிழைக்கும் கேம்களின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், மூன்றாவது நிமிடம் சண்டை தொடங்கிவிடும். “பழசு மாதிரி வருமா?” என்பார் ஒருவர். “புதுசை ஆடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்” என்பார் மற்றவர். இருவருமே கவனிக்காத வேடிக்கை ஒன்று உண்டு. பழைய கேம்களில் நாம் கொண்டாடும் பயத்தில் பாதி, வேறு வழியில்லாமல் வந்தது. அன்று மெஷின் கையைக் கட்டிப்போட்டது. இன்று அதே பயம் வேண்டுமென்றால் படைப்பாளி தன் கையைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். எது கஷ்டம், சொல்லுங்கள்?

முதல் ‘ரெசிடென்ட் ஈவில்’ தொடக்கத்தில் எப்படித் திட்டமிடப்பட்டது தெரியுமா? நாயகனின் கண் வழியாகவே எல்லாம் தெரியும் முதல்நபர் பார்வையில்! இயக்குநர் ஷின்ஜி மிக்காமி அந்த வழியில்தான் இறங்கினார். அவர் மனதில் நினைத்த தரத்தில் மாளிகை முழுவதையும் முப்பரிமாணத்தில் வரைய அன்றைய பிளேஸ்டேஷனுக்குத் தெம்பில்லை. பிரான்சில் 1992-இல் வந்த ‘அலோன் இன் த டார்க்’ வழியைப் பிடித்தார்கள். அறை என்பது முன்கூட்டியே வரைந்த ஓவியம், அதன்மேல் நடமாடும் உருவங்கள் மட்டும் முப்பரிமாணம், கேமரா சுவரில் அறைந்த ஆணிபோல் நின்ற இடத்திலேயே நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது, காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். வன்பொருளின் போதாமையால் பிறந்த அந்தக் கோணம்தான் இன்றைக்கும் பழைய கட்சியின் முதல் முழக்கம்!

21 வருடம் கழித்து, 2017-இல் ‘ரெசிடென்ட் ஈவில் 7’ முதல்நபர் பார்வைக்கு மாறியபோது “மரபை உடைத்துவிட்டார்கள்” என்று எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்! உடைந்தது மரபா? மிக்காமி முதலில் போட்டு மூடிவைத்த திட்டம் அல்லவா வெளியே வந்தது!

அந்த மாளிகைக்கும் ஒரு பாட்டன் வீடு உண்டு, தெரியுமா? 1989-இல் காப்காம் நிறுவனம் ஜப்பானில் மட்டும் வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’. கியோஷி குரோசவா இயக்கிய திரைப்படத்தை ஒட்டி டோகுரோ ஃபுஜிவாரா உருவாக்கியது. பேய் மாளிகை, குறைந்த பை இடம், சிதறிக் கிடக்கும் குறிப்புகள், ஏன், திறக்கும் கதவுக் காட்சிகூட அதில் இருக்கிறது! மிக்காமியிடம் ‘ரெசிடென்ட் ஈவில்’ வேலையை ஒப்படைத்தவரும் அதே ஃபுஜிவாராதான். ஆக “அசல்” என்று நாம் கும்பிடுவதே ஒரு வகையில் மறுஆக்கம்.

பழைய கேம்களில் எல்லாமே பொன் என்று நினைக்கிறீர்களா? முதல் கேமுக்கு 1998-இல் வந்த திருத்தப் பதிப்பின் நிலவறை இசையைக் கேட்டுப் பாருங்கள். எக்காளங்கள் திசைக்கு ஒன்றாக ஊளையிடும். பயம் போய்ச் சிரிப்பு வரும். அதை இசையமைத்ததாகப் பெயர் போட்டுக்கொண்டவர் யார் தெரியுமா? ‘ஜப்பானின் பீத்தோவன்’ என்று பின்னாளில் புகழப்பட்ட, காது கேளாதவராக அறியப்பட்ட மாமோரு சமுரகோச்சி. அவர் பெயரில் வந்த இசையை இன்னொருவர் திரைமறைவில் எழுதிக்கொடுத்து வந்தது 2014-இல் அம்பலமானது, ஜப்பானே அதிர்ந்தது! போதாக்குறைக்கு முதல் கேமின் வசன உச்சரிப்பு. மரணத்தின் வாசலிலிருந்து நாயகியை மீட்ட கையோடு சாண்ட்விச் ஜோக் அடிக்கும் சக வீரர் பாரியை இன்றும் ரசிகர்கள் பாசத்தோடு நினைத்துச் சிரிக்கிறார்கள். பழசின் ஓட்டைகூட நமக்குச் செல்லம். புதுசுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது!

‘ரெசிடென்ட் ஈவில் 2’ கதை இன்னும் சுவாரசியம். 1998-இல் நாம் ஆடியது இரண்டாவது முயற்சி. பாதிக்கு மேல் முடிந்திருந்த முதல் வடிவத்தை “சுவையில்லை” என்று காப்காம் தூக்கிப் போட்டுவிட்டது! அதில் நாயகி கிளேர் கிடையாது. எல்சா வாக்கர் என்ற பைக் பந்தய வீராங்கனை. கைவிடப்பட்ட அந்த வடிவத்தைப் பற்றி ‘ஒன்றரை’ என்ற பெயரில் ரசிகர்கள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு நடந்ததுதான் கண்கட்டு வித்தை. இரண்டு சிடிகளில் வந்த அந்த கேமை, வீடியோக் காட்சிகள் உட்பட, 64 எம்பி மட்டுமே கொள்ளும் நின்டெண்டோ 64 கேட்ரிஜுக்குள் திணித்தார்கள், 1999-இல்! செய்தது ஏஞ்சல் ஸ்டுடியோஸ். இந்தப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பிற்காலத்தில் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ கொடுத்த ராக்ஸ்டார் சான் டியாகோ அவர்கள்தான்.

அதன் 2019 ரீமேக்? என் ஓட்டு தயங்காமல் இதற்கு. கதவுக் காட்சி போய்விட்டது, நிலைக் கேமரா போய்விட்டது, தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். அப்படியானால் பயமும் போயிருக்க வேண்டுமே? கதை தலைகீழ். லோடிங் இல்லை என்றால் என்ன அர்த்தம்? கதவை மூடினாலும் ஜாம்பி திறந்துகொண்டு பின்னாலேயே வரும்! பழையதில் கதவைத் தாண்டினால் தப்பித்தோம் என்று மூச்சு விடலாம். மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சதன் 1998-இல் இரண்டாம் சுற்றில் மட்டும் தலைகாட்டினான். 2019-இல் காவல் நிலையம் முழுக்க ரோந்து சுற்றுகிறான். மேல்மாடியில் தொம் தொம் என்று பூட்ஸ் சத்தம். நெருங்குகிறதா, விலகுகிறதா? ஓவியப் பின்னணி கொடுத்த பயத்தை ஒலியால் ஈடுகட்டிவிட்டார்கள். (வெளிவந்த சில நாட்களிலேயே ரசிகர்கள் அவன் தலையில் ‘தாமஸ்’ கார்ட்டூன் ரயில் முகத்தை மாட்டி உலகத்தையே சிரிக்க வைத்தது தனிக் கதை.)

அடுத்த வருடமே வந்த மூன்றாம் பாகத்தின் ரீமேக்கில் மணிக்கூண்டுப் பகுதியையே காணோம். அங்கே பழைய கட்சிக்கு முழு வெற்றி. விடுங்கள்.

‘ரெசிடென்ட் ஈவில் 4’! 2005-இல் வந்தபோது அதற்கு என்ன பெயர் தெரியுமா? துரோகி! ஜாம்பி இல்லை, நிலைக் கேமரா இல்லை, டைப்ரைட்டர் ரிப்பனை எண்ணி எண்ணி சேவ் செய்யும் வேதனை இல்லை, “இது சர்வைவல் ஹாரரே இல்லை, சுட்டுத்தள்ளும் ஆக்‌ஷன்” என்றார்கள். இன்று அதே கேம், புதுசை அடிக்கப் பழைய கட்சி எடுக்கும் தடி! அது உருவாவதற்குள் எத்தனை வடிவங்களைக் கிழித்துப் போட்டார்கள்! அப்படி ஒதுக்கிய ஒன்றுதான் வேறு பெயரில் வளர்ந்து 2001-இல் ‘டெவில் மே கிரை’ ஆனது. இன்னொன்றில் கையில் கொக்கியோடு ஒரு பேய் மனிதன் துரத்துவான். முன்னோட்டத்தில் காட்டியதோடு சரி. இன்னொரு ரகசியமும் உண்டு. 2005-இன் அந்த கேம் நம் ஆட்டத்தை ஓசைப்படாமல் மதிப்பிட்டுக்கொண்டே இருக்கும். நன்றாக ஆடினால் எதிரிகள் முரடாவார்கள். அடிக்கடி செத்தால் மனமிரங்கும். “அந்தக் காலத்தில் நான் ஒரே மூச்சில் முடித்தேன்” என்று மார்தட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்!

ஆனால் புதுசு எல்லாம் ஜெயிக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 2012-இல் ஆறாம் பாகம் 70 லட்சம் விற்கும் என்று காப்காம் கணக்குப் போட்டது. பிறகு இலக்கைக் குறைத்துக்கொண்டது. வெடி, கார், ஹெலிகாப்டர், எல்லாம் இருந்தது; தோட்டா தீர்ந்துவிடுமோ என்ற நடுக்கம் மட்டும் இல்லை. பாடம் புரிந்ததோ என்னவோ, ஏழாம் பாகம் ஒரு லூசியானா வீட்டுக்குள் நம்மை அடைத்தது. அதன் மிகக் கடினமான நிலையில் சேவ் செய்ய ஆடியோ கேசட் தேடி அலைய வேண்டும். 1996-இன் டைப்ரைட்டர் ரிப்பன் வேறு வேஷத்தில்!

இப்போது பனிமூட்டத்துக்குப் போவோமா? 1999-இல் கொனாமி வெளியிட்ட ‘சைலன்ட் ஹில்’ ஊரை ஏன் பனி மூடியிருந்தது தெரியுமா? தூரத்தில் இருக்கும் கட்டடங்களை வரைய பிளேஸ்டேஷனால் முடியாது. மறைத்தார்கள்! பேய் கேம் உலகின் மிகப் பிரபலமான மூடுபனி ஒரு ஒட்டுப்போட்ட வேலை! அதன் வீடியோக் காட்சிகளைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக உருவாக்கிய தகயோஷி சாட்டோ, சக ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு அவர்களின் கணினிகளையும் சேர்த்து ஓடவிட்டு வேலையை முடித்தார். அந்த ஊரின் பள்ளிக்கூடத்துக்கு மாதிரி எது? அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் குழந்தைகளோடு மல்லுக்கட்டும் ‘கிண்டர்கார்டன் காப்’ நகைச்சுவைப் படத்தின் பள்ளி!

பனி எவ்வளவு முக்கியம் என்பது 2012-இல் புரிந்தது. ‘சைலன்ட் ஹில் 2’-ஐ எச்டி தரத்தில் புதுப்பிக்கப் போனால், 2001-இன் இறுதி மூல நிரல் கொனாமியிடமே முழுசாக இல்லை! அரைகுறைக் குறியீட்டை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார்கள். பனி கலைந்தது, ஏரித் தண்ணீர் முடியும் விளிம்பு பல்லிளித்தது, ஒரு பெயர்ப்பலகையில் காமிக் சான்ஸ் எழுத்துரு! துலக்கமாகத் தெரிந்ததே குற்றமாகிப்போன விநோதம் வேறெங்கே உண்டு?

‘சைலன்ட் ஹில் 2’ நம்மை வேவு பார்க்கும், தெரியுமா? ஜேம்ஸ் என்ற கணவன், இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்து ஊருக்குள் நுழைகிறான். முடிவு எது என்று கேம் நம்மிடம் கேட்பதே இல்லை. காயத்துக்கு மருந்து போடாமல் திரிந்தீர்களா, ஒரு பெண் கொடுத்த கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தீர்களா, இவன் வாழ விரும்பவில்லை என்று தானே முடிவுகட்டி அதற்கேற்ற இருண்ட முடிவை நோக்கித் தள்ளும். மனைவியின் படத்தை அடிக்கடி பார்த்து, உடம்பையும் கவனித்துக்கொண்டால் வேறு முடிவு. (எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது ஒரு ஷிபா நாய் என்று காட்டும் முடிவும் உண்டு!)

இதை யாரால் மறுபடி செய்ய முடியும்? போலந்தின் ப்ளூபர் டீம் செய்யப்போகிறது என்றதும் ரசிகர்கள் கரித்துக் கொட்டினார்கள். முன்னோட்டம் வந்தபோது ஜேம்ஸின் முகத்தைக்கூட விடவில்லை. 2024 அக்டோபரில் கேம் வந்தது; சில நாட்களில் 10 லட்சம் தாண்டியது; திட்டிய வாய்களில் பல பாராட்டின! ஊரையே துல்லியமாக வரையும் வலிமை இப்போது இருந்தும் பனியை விடவில்லை, பாருங்கள். அசலுக்கு இசையமைத்த அகிரா யமவோகாவே திரும்ப வந்து இசைத்தார். அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒளிந்திருந்தது. ஆங்காங்கே கிடைக்கும் விசித்திரப் புகைப்படங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வரி எழுத்து. படத்தில் எத்தனை பொருள் என்று எண்ணி, அந்த வரியில் அத்தனையாவது எழுத்தை எடுத்துக் கோத்தார் ஒரு ரசிகர். என்ன வந்தது தெரியுமா? நீ இங்கே வந்து இருபது வருடமாகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம்! ஜேம்ஸுக்குச் சொன்னதா? 2001-ஐ விட்டு நகராத நமக்குச் சொன்னதா? எனக்கென்னவோ இரண்டாவது என்றே படுகிறது.

வராத கேம்தான் சிறந்தது என்று வாதிடும் மூன்றாவது கட்சியும் இருக்கிறது! 2014 ஆகஸ்டில் யாரும் கேள்விப்படாத ஒரு கற்பனை ஸ்டுடியோவின் பெயரில் ‘பி.டி.’ என்ற இலவச முன்னோட்டம் வந்தது. ஒரே ஒரு வளைந்த நடைபாதை. முடிவுக்குப் போனால் மறுபடி தொடக்கம். முடித்தவர்களுக்குத்தான் தெரிந்தது, அது ஹிடேயோ கொஜிமாவும் கியேர்மோ டெல் டோரோவும் சேரும் அடுத்த ‘சைலன்ட் ஹில்’ என்று. 2015-இல் திட்டம் ரத்து, முன்னோட்டமும் கடையிலிருந்து நீக்கம். அது பதிந்திருந்த பிளேஸ்டேஷன் 4 பெட்டிகள் கண்டபடி விலை பேசின. 2019-இல் ஒருவர் நிரலைக் குடைந்து கேமராவைத் திருப்பிப் பார்த்தார். டார்ச் கையில் கிடைத்த நொடியிலிருந்து லிசா என்ற அந்தப் பேய் நம் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டி நடந்து வந்திருக்கிறது! சுவரில் நாம் பார்த்துப் பயந்த நிழல் பல சமயம் அவளுடையதுதான்!

2025-இன் ‘சைலன்ட் ஹில் எஃப்’ 1960-களின் ஜப்பானுக்கே போய்விட்டது, துப்பாக்கியும் கிடையாது. அது இந்தக் குடும்பமா என்ற தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சண்டையில் காப்காம் எந்தப் பக்கம்? 2024-இல் முதல் மூன்று ‘ரெசிடென்ட் ஈவில்’களின் பழைய வடிவத்தைக் கணினிக்கு மறுபடி வெளியிடலாம் என்று ஜிஓஜி கடை கேட்டபோது, ரீமேக்குகள் இருக்கையில் இது எதற்கு என்றுதான் முதலில் யோசித்தார்களாம்! கடைசியில் கொடுத்தார்கள், விற்றது. 2025-இல் அறிவித்த ‘ரெக்வியம்’ கேமில் முதல்நபர் பார்வையா, தோள் பார்வையா, நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று நழுவிவிட்டார்கள்.

ரசிகர்களோ அதற்கும் முன்னாலேயே போய்விட்டார்கள். 2019 ரீமேக்கில் சுவரில் அறைந்த ஆணிபோன்ற பழைய நிலைக் கேமராவைப் பொருத்தி ஆடும் மாட் (ரசிகர்களே செய்த மாற்றம்) ஒன்று இருக்கிறது, தெரியுமா? புத்தம்புதிய கிராஃபிக்ஸ், 1998-இன் கோணம், திருப்பத்துக்கு அப்பால் மிஸ்டர் எக்ஸின் பூட்ஸ். இரண்டு கட்சிக்காரர்களும் அதை ஆடிப்பார்த்துவிட்டு மறுபடி சண்டை போடுகிறார்கள், இம்முறை எந்த மூலையில் கேமராவை வைத்திருக்க வேண்டும் என்று!