என் எதிரொலி எது?

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்பி வருவதைக் கேட்டிருப்பீர்கள். கார்களில் பொருத்தப்படும் ரேடாரும் அவ்வாறே. ஒலிக்குப் பதிலாக வானொலி அலை. 60 மீட்டர் முன்னால் நிற்கும் லாரியில் பட்டு அலை திரும்ப 0.4 மைக்ரோ விநாடியே ஆகும். அந்நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும்.

ஆனால் சாலையில் பல கார்களிலும் ரேடார் இருந்தால்? பிற காரின் அலையைத் தன் எதிரொலி என்று ஏமாந்தால், கார் காரணமின்றி பிரேக் போடும். மெல்லிய எதிரொலி இரைச்சலில் மறைந்தாலோ, விபத்துதான்!

இதற்கொரு வழி, அலைக்கு அடையாளம் இடுவது. பார்க்கர் என்பவர் 1953-இல் வெளியிட்ட குறியீட்டு வகையில் ஒன்றைப் பாருங்கள்:

+ + + − − + −

'−' வருமிடத்தில் அலை தலைகீழாக்கப்படும்.

இக்குறியீட்டை இரு காகிதத் துண்டுகளில் எழுதி, ஒன்றன்கீழ் ஒன்றாக நேரே வையுங்கள். ஒத்த குறிகளுக்கு +1, மாறுபட்டவற்றுக்கு −1 எனக் கூட்டினால் 7 வரும். கீழ்த்துண்டை ஒரு கட்டம் நகர்த்தி, மேலும் கீழும் குறி உள்ள இடங்களை மட்டும் கூட்டுங்கள்: 0! இரண்டு கட்டம் நகர்த்தினால் −1.

காரிலுள்ள கணிப்பொறியும் இதையே செய்கிறது. தான் அனுப்பிய குறியீட்டை, வந்த அலையின்மேல் நகர்த்திப் பார்க்கிறது. கூட்டுத்தொகை திடீரென உயரும் இடமே எதிரொலியின் தாமதம். இரைச்சல் கூட்டலும் கழித்தலுமாகப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு காருக்கும் வெவ்வேறான நீண்ட குறியீட்டைத் தந்தால், பிறர் அலையும் பெரிதாக உயராது.

மூன்று கட்டம் நகர்த்தினால் என்ன வரும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.