மாவட்ட எல்லை தாண்டும் வழக்குகளும் பூந்தமல்லி நீதிமன்றமும்

குற்றம் எந்தப் பகுதியில் நடந்ததோ அந்தப் பகுதிக்கு அதிகாரம் பெற்ற நீதிமன்றமே அதை விசாரிக்க வேண்டும் என்பது இந்தியக் குற்றவியல் நடைமுறையின் பொது விதியாகும். ஆவடியில் நடந்த திருட்டைக் கோவை நீதிமன்றம் விசாரிப்பதில்லை. ஆனால், ஓரிடத்தில் சதி தீட்டி, வேறோர் ஊரில் தங்கி, மூன்றாவது ஊரில் குண்டு வைப்பவர்களின் வழக்கு ஒரு மாவட்டத்துக்குள் அடங்குவதில்லை என்பதால், பல மாவட்டங்களுக்குப் பொதுவான தனி நீதிமன்றங்களை அமைக்கச் சட்டம் இடமளிக்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய நீதிமன்றத்தால் நாடறிந்த ஊர் பூந்தமல்லி.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கின் தடயங்கள் கோடியக்கரைக் கடற்கரையிலிருந்து பெங்களூரு கோணனகுன்டே வரை நீண்டன. பயங்கரவாதத்துக்கு எதிரான 1987ஆம் ஆண்டின் 'தடா' சட்டப்படி பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றம், பொதுமக்களும் செய்தியாளர்களும் அனுமதிக்கப்படாத மூடிய அறையில் அந்த வழக்கை நடத்தியது. அரசுத் தரப்பில் மட்டும் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1998 ஜனவரி 28 அன்று நீதிபதி வி. நவநீதம், விசாரணையை எதிர்கொண்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தார். தடா வழக்குகளில் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குச் செல்லாமல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கு 1999 மே 11 அன்று வெளியான தீர்ப்பில் நால்வரின் மரண தண்டனை மட்டுமே உறுதியாயிற்று, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 19 பேர் விடுபட்டனர். ஒரே தனி நீதிமன்றத்திடம் இவ்வளவு அதிகாரம் குவியும்போது மேல்முறையீடு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இன்று இவ்வகை நீதிமன்றங்களுக்கு அடிப்படையாக இருப்பது 2008ஆம் ஆண்டின் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம்; அதன்கீழ் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கிறது. 2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் நிகழ்ந்த கார் வெடிப்பு வழக்கின் குற்றப்பத்திரிகையும் பூந்தமல்லிக்கே வந்தது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் விண்ணப்பிக்க, மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்து ஒரு மேற்பார்வை நீதிபதியை அமர்த்துகிறது. மாவட்டம் போன்ற பல கவுண்டிகளிலிருந்து தெரிவுசெய்யப்படும் 23 குடிமக்கள் 'கிராண்ட் ஜூரி'யாக, அதாவது வழக்குத் தொடர ஆதாரம் உண்டா என்று ஆராயும் குழுவாக, இரகசியமாகக் கூடுகின்றனர். அக்குழு குற்றம் சாட்டப் பரிந்துரைத்தால், விசாரணை எந்தக் கவுண்டியில் நடக்க வேண்டும் என்பதை மேற்பார்வை நீதிபதி முடிவு செய்கிறார்.

புலனாய்வு பல கவுண்டிகளைத் தழுவினாலும் விசாரணை மீண்டும் ஒரு கவுண்டிக்கே திரும்பும் அந்த ஏற்பாடு கவனத்துக்குரியது. இங்கோ புலனாய்வு, விசாரணை இரண்டின் சுமையும் ஓரிடத்தில் சேர்வதால், கோவையில் கடை வைத்திருக்கும் ஒரு சாட்சி சம்மன் பெற்று ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பயணம் செய்து பூந்தமல்லி வந்து, அன்று வழக்குக்கு வாய்தா போடப்பட்டால் சாட்சி சொல்லாமலே திரும்ப நேரிடும். சாட்சிக்குப் பயணப்படி வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். காணொலி வழியே சாட்சியம் பெறவும் புதிய நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. தொலை மாவட்டச் சாட்சிகளுக்கு இவ்விரண்டும் கேட்காமலே கிடைக்க வேண்டும்.