நாய் எங்கே சொறிகிறது?

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே திரியும் நாய்க்கு அரிப்பு வந்தால் வைத்தியமும் பட்டறையிலேயே கிடைத்துவிடும். "கறுப்பு ஆயிலைத் தடவி உடுங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்ங்க" என்று யாராவது சொல்வார்கள். எண்ணெய்ப் படலத்தில் சில பூச்சிகள் செத்துப்போவதால் பலித்த மாதிரியும் தெரியும். ஆனால் நாய் தன் உடம்பை நக்குகிற பிராணி. இன்ஜினில் எரிந்து கழிந்த எண்ணெயில் இருக்கும் உலோகத் துகளும் நச்சும் அதன் வயிற்றுக்குள்தான் போகும். சொறிந்து புண்ணான தோலில் எரிச்சல் வேறு. நாய் எதனால் சொறிந்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

அரிப்பு ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். எந்த இடத்தைச் சொறிகிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

வால் தொடங்கும் இடத்தையும் இடுப்பையும் கடித்துக் குதறினால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. பூச்சி கண்ணில் படாமல் போகலாம். ரோமத்தைச் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், செரித்த ரத்தம். தெள்ளை விழுங்கும் நாய்க்கு நாடாப்புழு வருவதும் உண்டு. ஆசனவாயில் அரிசிபோல ஒட்டியிருக்கும். நாய் மேல் இருக்கும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் சாக்கிலும் கட்டிலடி மண்ணிலும் கிடக்கின்றன. நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டுப் படுக்கையை விட்டுவிட்டால் வேலை முடியாது.

காது விளிம்பு, முழங்கை, குதிகால், அடிவயிறு என்று ராப்பகலாகச் சொறிந்தால் அது சிரங்குச் சிற்றுண்ணியாக இருக்கலாம். காது மடலின் விளிம்பை இரண்டு விரல்களால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் தானாக உதைக்கத் தொடங்கினால் சந்தேகம் வலுக்கும். வீட்டில் யாருக்காவது கையிலோ வயிற்றிலோ அரிக்கிறதா என்று மருத்துவர் கேட்பதும் அதற்காகத்தான், மனிதர்களையும் அது தற்காலிகமாகக் கடிக்கும். குட்டிகளுக்கு முகத்தில் திட்டுத் திட்டாக முடி கொட்டி, அரிப்பு அதிகமில்லாமல் இருந்தால் அது டெமோடெக்ஸ் என்ற வேறு வகை. அடுத்த நாய்க்கு அது தொற்றுவது அபூர்வம்.

இந்தச் சமவெளியின் வெயிலுக்கு உண்ணி கேட்கவே வேண்டாம். பழுப்பு நாய் உண்ணி வளர்வதற்குள் மூன்று முறை நாய் மேல் ஏறி, ரத்தம் குடித்து, மூன்று முறையும் இறங்கிவிடும். கடைசியாக இறங்கும் பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பொறுக்கி எடுத்தால் மட்டும் தீராததற்குக் காரணம் இதுதான். உண்ணியை அரிப்போடு நிறுத்தி எண்ணக் கூடாது. எர்லிக்கியா என்ற கிருமியை அது கடத்தும். ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும் அளவுக்கு முற்றும்.

பூச்சி எதுவும் இல்லை, ஆனால் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, காது அடிக்கடி சீழ் பிடிக்கிறது என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம், உணவும் அதற்கு ஒரு காரணம். நாமக்கல்லில் இங்கேதான் சிக்கல். முட்டையும் கோழியும் மலிவாகக் கிடைக்கும் ஊரில் நாய்த் தட்டில் வேறென்ன இருக்கும்? உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள் 17, கோழி 15 என்று வந்தது. நம் வீட்டு நாய் மாட்டிறைச்சி தின்பது குறைவு, தயிர்ச்சோறும் கோழிக்கழுத்தும் தினமும் தின்கிறது. அதனால் என் சந்தேகம் இந்த இரண்டின் மேல்தான். கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, இதுவரை தின்னாத மீனோ ஆட்டிறைச்சியோ சேர்த்த சோற்றை மட்டும் எட்டு வாரம் போடுவது. முட்டை, பிஸ்கட், பால் எதுவும் கூடாது. அரிப்பு அடங்கியபின் பழைய சாப்பாட்டை மறுபடி கொடுக்க, அரிப்பும் திரும்பினால் விடை கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு எறியும் எலும்பு ஒன்றே இந்தச் சோதனையைக் கெடுக்கப் போதும்.

அவசரப்பட்டுப் போடும் ஸ்டீராய்டு ஊசி அரிப்பை அன்றே அடக்கும். கூடவே தடயத்தையும் மறைக்கும், டெமோடெக்ஸை மோசமாக்கும். மாட்டுக்கு வாங்கி மிச்சம் வைத்த ஐவர்மெக்டின் அதைவிட ஆபத்து. கோலி போன்ற மேய்ப்பு நாய்களில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் நுழைந்து உயிரையே எடுத்துவிடும். இப்போது வரும் ஃப்ளூரலனர், அஃபாக்சோலனர் மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சிற்றுண்ணி மூன்றையும் கொல்கின்றன. வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நாமக்கல்லில் 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் தலைவாசலிலும் ஒரு கல்லூரி வந்துவிட்டது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது சில நிமிட வேலை. போகிற அன்று குளிப்பாட்டாதீர்கள், எதையும் தடவாதீர்கள். ஒரு வாரம் என்னென்ன தின்றது என்று எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவமனை மேசையில் ஏறியதும் பெரும்பாலான நாய்கள் பயத்தில் சொறிய மறந்துவிடும். அதனால் முந்தின ராத்திரி அது சொறிவதை செல்போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் நல்லது.