கண் அழுத்தமும் இரத்த ஓட்டமும்

"கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்" என்பது முதியோர் வாக்கு. குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கு இது மிகவும் பொருந்தும். பெரும்பாலும் வலியின்றி வந்து, முதலில் ஓரப் பார்வையைக் கவர்ந்து செல்லும் இந்நோயால் இழந்த பார்வை திரும்பக் கிடைப்பதில்லை.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் இடையறாது ஊறி வடிந்து கொண்டிருக்கிறது. வடிகால் தடைப்பட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும். சாதாரண அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் ஆகும். இந்த அழுத்தத்தை வென்றுதான் இரத்தம் கண்ணுக்குள் நுழைய வேண்டும். எடுத்துக்காட்டாக, கண்ணின் நாடிகளில் இரத்த அழுத்தம் 62, கண் அழுத்தம் 22 எனில், இரத்தத்தை உட்செலுத்தும் விசை 40 மட்டுமே. சொட்டு மருந்தால் கண் அழுத்தம் 16 ஆகக் குறைந்தால் அவ்விசை 46 ஆகிறது. பார்வை நரம்புக்கு இரத்தம் செல்வது எளிதாகிறது.

சிலருக்குக் கண் அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு பழுதடைவதுண்டு. இரத்த ஓட்டக் குறைவும் அதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

மருந்துகள் பலவகைப்படும். டைமோலோல் நீர் ஊறுவதைக் குறைக்கிறது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லடானோபிராஸ்ட் நீர் வடிவதைக் கூட்டுகிறது. டோர்சோலமைடு நீர் ஊறுவதைக் குறைப்பதோடு, கண்ணின் இரத்த ஓட்டத்தையும் ஓரளவு கூட்டுவதாகச் சில ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனினும், பார்வையைக் காப்பதாக உறுதியாக நிலைநாட்டப்பட்டிருப்பது கண் அழுத்தத்தைக் குறைப்பதே.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கண்ணில் விட்ட டைமோலோல் மூக்கின் வழியே இரத்தத்தில் கலந்து, நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது. உறக்கத்தில் இரத்த அழுத்தம் இயல்பாகவே தாழும். இரவில் இரத்த அழுத்த மாத்திரையும் உட்கொண்டால் அது மேலும் தாழ்ந்து, கண்ணுக்குச் செல்லும் இரத்தம் குறையலாம். ஆகவே, கண் மருத்துவரிடம் உங்கள் மாத்திரைகளையும், குடும்ப மருத்துவரிடம் உங்கள் சொட்டு மருந்தையும் தவறாமல் சொல்லுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

மருந்து விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை இரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்திக் கொள்ளுங்கள். மருந்து கண்ணிலேயே தங்கும். உடலில் கலப்பது குறையும். விரத நாளானாலும் திருவிழா நாளானாலும் வேளை தவறக்கூடாது.

நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் கண்களைச் சோதித்துக் கொள்வது நலம். இறைவனின் திருவுருவைக் கண்குளிரக் காணும் பேறு நம் அனைவருக்கும் என்றும் நிலைப்பதாக!