'நீ சைனாவா?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி...

ஒரு குட்டி டெஸ்ட். கடையில எல்லாரையும் கவனிச்சுட்டு உங்களை மட்டும் கண்டுக்காம விட்டிருக்காங்களா? முகத்தைப் பார்த்ததுமே 'இதுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு முடிவு கட்டியிருக்காங்களா? பட்டப்பேர் வெச்சுக் கூப்பிட்டிருக்காங்களா?

'எப்பவாவது'ன்னா, நீங்க லக்கி! 'தினம் தினம்'னு சொல்றவங்க உங்க ஹாஸ்டல்லயே இருக்கலாம். மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம், அருணாச்சலப் பிரதேசம்னு வடகிழக்குல இருந்து படிக்கவும் வேலைக்கும் வந்தவங்களைத்தான் சொல்றேன்.

கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்பது கேள்விகளை வெச்சு, 1997-ல் அமெரிக்காவில் டேவிட் வில்லியம்ஸும் அவர் குழுவும் ஒரு அளவுகோல் தயாரிச்சாங்க. அன்றாட அவமானம் உடல்நலத்தை எப்படிப் பாதிக்குதுன்னு பார்க்க இன்னிக்கும் அது பயன்படுது. அதுல அடிதடி இல்லை. மரியாதைக் குறைவு, சந்தேகப் பார்வை, கேலி... இதெல்லாம்தான்!

'சின்ன விஷயம்தானே பாஸ், லைட்டா எடுத்துக்க வேண்டியதுதானே?'ங்கிறீங்களா? மெக்கானிக்கல் மக்களே, நீங்களே சொல்லுங்க. ஒரே அடியில உடையாத இரும்பு, சின்ன லோடு லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினா விரிசல் விடுதே... ஃபெட்டீக்! உடம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆபத்துன்னு தோணினதும் அட்ரினலின், கார்ட்டிசால் சுரக்கும், இதயம் படபடக்கும். ஆபத்து போனதும் அடங்கிடணும். ஆனா, 'இன்னிக்கு எவன் என்ன சொல்வானோ'ன்னு எந்நேரமும் உஷாரா இருந்தா எப்படி அடங்கும்? தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், மனச்சோர்வு வரும். இப்படிச் சேர்ற தேய்மானத்துக்கு 1993-ல் புரூஸ் மெக்எவன், எலியட் ஸ்டெல்லர் வெச்ச பேர், 'அலோஸ்டேடிக் லோடு'.

மார்க்கும் அடிவாங்குது! 1995-ல் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் ரெண்டு பேரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சாங்க. 'இது உங்க அறிவை அளக்குது'ன்னு சொன்னப்போ கறுப்பின மாணவர்கள் பின்தங்கினாங்க. அப்படிச் சொல்லாம அதே டெஸ்ட்டை வெச்சப்போ வித்தியாசம் பெருமளவு குறைஞ்சது. 'நம்ம இனத்தையே மட்டமா நினைச்சுடுவாங்களோ'ங்கிற பயம் மூளையில இடத்தைப் பிடிச்சுக்குது.

நம்ம நாட்டுல அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கு. 2012 ஆகஸ்ட்ல எஸ்.எம்.எஸ். வதந்தியை நம்பி பெங்களூரு, புனே, சென்னையில இருந்து வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்குல ரயிலேறினாங்க. 2014 ஜனவரியில டெல்லி லஜ்பத் நகர்ல, அருணாச்சல மாணவர் நிடோ டானியா தலைமுடியைக் கேலி செய்ததுல தகராறு ஆகி, அடிபட்டு இறந்தார். அதுக்கப்புறம்தான் பெஸ்பருவா கமிட்டி அமைச்சாங்க. 2020-ல் கொரோனா வந்ததும் 'கொரோனா'வே பட்டப்பேராச்சு!

சரி, தீர்வு? அமெரிக்காவில் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் செஞ்ச ஆய்வு 2011-ல் வெளியாச்சு. முதல் வருஷ மாணவர்களுக்கு சீனியர்களோட அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தாங்க. 'இந்த காலேஜ் நமக்கு ஒத்து வருமா'ன்னு ஆரம்பத்துல எல்லாருமே தவிச்சோம், போகப்போகச் சரியாச்சுங்கிறதுதான் சாராம்சம். மொத்தமே ஒரு மணி நேரம். மூணு வருஷத்துல கறுப்பின மாணவர்களோட மதிப்பெண் ஏறி, இடைவெளி பாதியாச்சு. டாக்டர்கிட்ட போறதும் குறைஞ்சது!

'நானும் உங்கள்ல ஒருத்தன்'கிற நம்பிக்கைக்கு அவ்வளவு பவர். அதை நீங்களும் கொடுக்கலாம். பேரைச் சரியா கேட்டுச் சரியா கூப்பிடுங்க. மெஸ் டேபிள்ல இடம் போடுங்க. கேங்ல ஒருத்தன் கிண்டலை ஆரம்பிச்சா, 'வேணாம் மச்சி'ன்னு முதல் ஆளா சொல்லுங்க. பாதிக்கப்பட்டவர் நீங்களா? மனசுக்குள்ளேயே பூட்டி வெக்காதீங்க. மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம்.

கடைசியா ஒரு மேட்டர். மணிப்பூர்ல மியான்மர் எல்லையை ஒட்டி மோரேன்னு ஒரு ஊர். 1960-கள்ல பர்மாவை விட்டு வெளியேற வேண்டி வந்த தமிழர்கள் பலர் குடியேறின இடம். அங்கே அங்காள பரமேஸ்வரி கோயிலே இருக்கு. அங்க மைனாரிட்டி யார் தெரியுமா..? நாமதான்!