ஜிஇடி சமூக அறிவியல்: டியூட்டரிடம் என்ன கேட்கணும்?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் முடிக்காதவங்க எழுதுற ஜிஇடி தேர்வில் நாலு பாடம். மூணு முடிச்சுட்டேன், சமூக அறிவியல் மட்டும் பாக்கி, அது முடிஞ்சாதான் காலேஜ், டியூட்டரை எப்படித் தேடுறதுன்னு நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்.

டியூட்டரைத் தேடுறதுக்கு முன்னாடி, 'ஜிஇடி ரெடி' என்கிற அதிகாரபூர்வ மாதிரித் தேர்வை எழுதச் சொல்லுவேன். 145 எடுத்தால் பாஸ். எங்கே சறுக்குதுன்னு அதன் அறிக்கையே காட்டிடும்.

அடுத்து, பாடப் பங்கீடு. குடிமையியலும் அரசாங்கமும் சுமார் 50 சதவீதம், அமெரிக்க வரலாறு 20, பொருளாதாரம் 15, புவியியலும் உலகமும் 15. நேரம் 70 நிமிடம். ஆனா இது மனப்பாடத் தேர்வு இல்லை. ஒரு பத்தி, வரைபடம் அல்லது கார்ட்டூனைக் கொடுத்து, எழுதினவர் என்ன வாதிடுறார், எது தகவல், எது கருத்துன்னு கேட்பாங்க. அதனால 1776, 1865னு ஆண்டுகளை ஒப்பிக்க வைக்கிறவருக்குக் காசு கொடுக்கிறது வீண்.

முதல் வகுப்பிலேயே ஒரு பத்தியை நீட்டி, "இதை எப்படிப் படிக்கணும்?"னு கேளுங்க. விடையை மட்டும் சொன்னால் வேற ஆள் பாருங்க. விடைக்கான வரியை உங்களையே தேட வைத்தால், அவரை விட்டுடாதீங்க.

கையில் பணம் இல்லையா? கம்யூனிட்டி காலேஜ்களிலும் பொது நூலகங்களிலும் பெரியவர்களுக்கான இலவச வகுப்புகள் பல ஊர்களில் நடக்குது. முதலில் அங்கே விசாரிங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.