மருந்துக்குள் ஒரு மாற்றுச் சர்க்கரை

கொலஸ்ட்ராலுக்கு இன்க்ளிசிரான் என்றொரு ஊசி உண்டு. தொடக்கத் தவணைகள் முடிந்தபின் ஆறு மாதத்துக்கு ஒன்று போதும். குழந்தைகளின் தசையை நலிவிக்கும் எஸ்.எம்.ஏ. நோய்க்கு நூசினெர்சென் ஊசி, அதுவும் தொடக்கத் தவணைகளுக்குப் பின் நான்கு மாதத்துக்கு ஒன்று. இரண்டுமே சர்க்கரையை மாற்றிச் செய்த செயற்கை மரபிழைகள்.

சர்க்கரையா? நீரிழிவு உள்ளவர்கள் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இது காபியில் போடும் சர்க்கரை இல்லை. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இழைகளின் முதுகெலும்பில் வரிசையாக இருக்கும் சின்னஞ்சிறு வளையம் (ரைபோஸ் வகைச் சர்க்கரை). ஒவ்வொரு வளையத்திலும் ஓர் 'எழுத்து' (ஓர் எழுத்தால் குறிக்கும் வேதிப்பொருள்) ஒட்டியிருக்கும்.

இழைகள் எப்படி ஜோடி சேர்கின்றன?

எழுத்துப் பொருத்தத்தால். ஏ, டி-யோடு சேரும், ஆர்.என்.ஏ.வில் டி-க்குப் பதில் யு. ஜி, சி-யோடு சேரும். மருந்திலும் இதே விதிதான். நூசினெர்சென் 18 எழுத்து நீளம். அதற்குப் பொருந்தும் ஆர்.என்.ஏ. பகுதியைத் தேடிப் பிடிக்கும்.

பிறகு சர்க்கரையை ஏன் மாற்றுகிறார்கள்?

இரண்டு காரணங்கள். இயற்கையான இழையை உடலின் நொதிகள் (வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்கள்) சீக்கிரம் வெட்டிவிடும். வளையத்தின் இரண்டாம் கார்பனில் வேறு அணுக்களைச் சேர்த்தால் வெட்டுவது கடினம். ஊசிகளுக்கிடையே மாதக்கணக்கில் இடைவெளி விட முடிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது பிடிமானம். இயற்கை வளையம் நூலேணியின் படிபோல ஆடும். மாற்றிய வளையம் ஆர்.என்.ஏ.வோடு சேர ஏற்ற வடிவத்திலேயே நிற்கும், மூங்கில் ஏணிபோல. 1997-98இல் ஜப்பானிலும் டென்மார்க்கிலும் தனித்தனியே உருவான 'பூட்டிய' வகையில் வளையத்தின் குறுக்கே ஒரு பாலமே போட்டார்கள். அத்தகைய ஒரு வளையம் சேர்ந்தாலே, ஜோடியைப் பிரிக்கத் தேவையான வெப்பநிலை ஏறத்தாழ 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை கூடும். பூட்டிய வகை டி.என்.ஏ.வையும் இறுக்கிப் பிடிக்கும். அதனால் ஓர் எழுத்துப் பிழையைக்கூடக் கண்டறியும் மரபணுப் பரிசோதனைகளில் உதவுகிறது.

என் மரபணு மாறிவிடுமா?

மாறாது. இந்த இரு மருந்துகளும் பிடிப்பது மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.வைத்தான், மூலமான டி.என்.ஏ.வை அல்ல. மருந்தின் விளைவு உங்கள் பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால், ஊசியை நிறுத்தினால் பலனும் படிப்படியாகக் குறையும். உடம்பு தேறிவிட்டதே என்று தவணையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிடிமானம் கூடக் கூட நல்லதுதானா?

எப்போதும் இல்லை. அளவு மீறி இறுகினால், முழுதாகப் பொருந்தாத இழையையும் பற்றிக்கொள்ளும். சில பூட்டிய வகைகள் சோதனை விலங்குகளின் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. அதனால்தான் எந்த வளையத்தை மாற்றுவது, எதை விடுவது என்று அளந்து செய்கிறார்கள்.

நான் எதைக் கவனிக்க வேண்டும்?

நூசினெர்சென் ரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போதிய அளவு போய்ச் சேராது. ஆகவே முதுகில், தண்டுவட நீரில் செலுத்துவார்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன் ரத்தத் தட்டணுக்களையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பரிசோதனைகளைத் தவிர்க்காதீர்கள். இன்க்ளிசிரானைத் தோலுக்கடியில் போடுவார்கள். அது கெட்ட கொழுப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். அதற்காக, தினமும் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.